ஜவ்வாது மலையில் நான் கண்டுபிடித்த கண்ணாடி

எங்கள் ஆபீசில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றுப் பல வருஷமான என்னையும் மறக்காமல் அதில் சேர்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது யாரோ ஒருத்தர் மலைக்குப் போன இடத்தில் பொறுக்கிய கறுப்புக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்துப் போடுவார்கள். பளபளவென்று இருக்கும். "அண்ணே, இது எரிமலைக் கண்ணாடிதானே?" என்று கேள்வி வரும். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் நாலு பேர் "ஆமாம்" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. தணிகாசலம் அண்ணனுக்கு மண்டைக்கனம் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம்.

மண்டைக்கனம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதை நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு கிணற்றில் இறக்கி வைத்துவிட்டு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையை எழுதிவிட்டால் இனிமேல் படம் போடுகிறவர்கள் என்னிடம் கேட்கவே மாட்டார்கள். எனக்கும் நிம்மதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாறை படித்தவன் இல்லை. பாறையைச் சீவுகிறவன். பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, வேலூரில் பாறைகளை ஆராய்கிற எங்கள் ஆபீசில் சேர்ந்து, ரெண்டு வருஷம் நகம் தேயத் தேயக் கற்றுக்கொண்ட வேலை அது. மலையிலிருந்து வருகிற கல்லில் ஒரு சின்னச் சில்லை ரம்பத்தில் அறுக்க வேண்டும். அதன் ஒரு முகத்தைக் கண்ணாடிப் பலகை மேல் உரைப்பொடி போட்டு, தண்ணீர் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் கரகரப்பான பொடி, அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. தேய்த்த முகத்தை, சூடான தகட்டில் உருக்கிய மரப்பிசினால் ஒரு கண்ணாடி ஸ்லைடில் ஒட்ட வேண்டும். பிறகு மறு பக்கத்தைத் தேய்க்க வேண்டும். கல் தலைமுடியை விட மெல்லிசாகி, அதன் வழியாக வெளிச்சம் போகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். அதுக்கப்புறம்தான் மைக்ராஸ்கோப்பு. எவ்வளவு மெல்லிசு ஆயிற்று என்பதை விரல்தான் சொல்லும். என் விரல் சொல்லும் என்று ஆபீசே சொல்லும். "தணிகாசலம் தேய்ச்சா பட்டுத்துணி" என்பார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு, காதில் விழாத மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

இது போதாதென்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் இருந்தது. எங்கள் வீடு கலசப்பாக்கம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தோள்பையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவேன். எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் உண்டாகிற எரிமலைக் கண்ணாடியை ஜவ்வாது மலையில் கண்டுபிடித்த முதல் ஆள் என்று பேர் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைக்க வழியில்லை என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருந்தது. புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் சரியாகத் தேடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கறுப்பாக மின்னியது எதையும் விட்டதில்லை. முதல் தடவை கொண்டுவந்தது, பழைய காலத்தில் இரும்பு உருக்கிக் கொட்டிய கிட்டம். ரெண்டாவது தடவை கோடு கோடாக, பென்சில் மாதிரி நீண்டிருந்த ஒரு கனிமம். ஆபீசில் ஏற்கெனவே அலமாரி நிறைய அது கிடந்தது. மூன்றாவது தடவை கொண்டுவந்ததைப் பற்றிப் பேச வேண்டாம். அது ஓடைத் தண்ணீரில் உருண்டு தேய்ந்த சோடா பாட்டில் துண்டு. என் மனைவி சரோஜா ஒரு கிட்டத்தை ஊறுகாய் ஜாடி மேல் பாரமாக வைத்தாள். இன்னொன்றைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தாள். "உங்க எரிமலை எவ்ளோ உதவியா கீது பாருங்க" என்பாள்.

இந்த நிலையில்தான் வத்சலா மேடம் எங்கள் ஆபீசுக்குப் பாறை ஆய்வாளராக வந்தார். என்னை விட ஆறு வயது சின்னவர். எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. நேற்று படித்து முடித்த பெண் வந்து எனக்குக் கல்லைப் பற்றிச் சொல்வதா என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். பென்சிலில்தான் எழுதுவார். திட்டவே மாட்டார். அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்பார். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

ஒரு திங்கட்கிழமை, சோடா பாட்டிலுக்கு அடுத்த வாரம் என்று நினைக்கிறேன், புதிதாக ஒரு கல்லை அவர் மேசையில் வைத்து, "மேடம், எரிமலைக் கண்ணாடி" என்றேன்.

"பேரு சொல்லாதீங்க, தணிகாசலம். கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க."

"கறுப்பா இருக்கு. பளபளப்பா இருக்கு."

"நனைஞ்சா எல்லாக் கறுப்புக் கல்லும் பளபளப்புதான். முதல்ல துடைங்க."

துடைத்தேன். பாதி பளபளப்பு துணியோடு போயிற்று. அப்புறம் அவர் முறை ஆரம்பித்தது. கல்லைக் கையில் வைத்து எடை பார்த்தார். மெருகு இல்லாத வெள்ளை ஓட்டில் உரசி, விழுந்த பொடி என்ன நிறம் என்று பார்த்தார். பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தார். நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். லென்ஸ் வைத்துக் குமிழி இருக்கிறதா என்று தேடினார். குமிழியும் கரியடையாளமும் இருந்தால் கிட்டம். உடைந்த இடம் சிப்பியின் உள்பக்கம் மாதிரி வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். கடைசியாக ஜன்னல் பக்கம் போய், ஒரு மெல்லிய ஓரத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். "நிஜக் கண்ணாடின்னா இந்த ஓரத்துல வெளிச்சம் தேன் நிறத்துல கசியும். கசியுதா?"

கசியவில்லை. அது சாதாரணக் கருங்கல். ஒரு பேரும் சொல்லாமல், ஒரு தடவை கூடச் சிரிக்காமல், அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இத்தனையும் பத்து நிமிஷ வேலை. இதை நான் மறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. மாசி மாதம். மேடம் ஒரு பயிற்சிக்காக மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் கிணறு வெட்டும் வேலையைப் பார்க்கிற ஓவர்சீயர் முனிரத்தினம். இன்னொருத்தர் நெல்லிவாசல்நாட்டு மலைக்காரர் வெள்ளையன். துண்டில் முடிந்து ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்திருந்தார். அவ்வளவு தூரம் நடந்தும் பஸ்ஸிலும் வந்தவர், அதைக் குழந்தையை வைப்பது மாதிரி மேசையில் வைத்தார்.

அவர் ஊரில் குடிதண்ணீருக்கு ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது வரைக்கும் பெண்கள் பள்ளத்தில் இறங்கி ஒரு சுனையில்தான் தண்ணீர் மொண்டு வந்தார்கள். பதினெட்டு அடியில் இந்தக் கல் வந்துவிட்டது. இது என்ன கல் என்று தெரிய வேண்டும். ஏனென்றால் இதற்கு ரெண்டு வழி உண்டு. மலை எப்போதோ அசைந்து, பாறையோடு பாறை உரசி உருகி உறைந்த கண்ணாடி என்றால், அது ஒரு சாண் கனம்கூட இருக்காது. அதற்கு அடியில் நொறுங்கின பாறையும் தண்ணீரும் இருக்கும். தொடர்ந்து தோண்டலாம். அப்படி இல்லாமல் பூமிக்குள்ளிருந்து உருகி எழும்பிச் சுவர் மாதிரி உறைந்து நிற்கிற கருங்கல் என்றால், எத்தனை ஆழம் போனாலும் அதுவேதான். அந்தக் குழியை விட்டுவிட்டு, சுவர் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற மேட்டுப் பக்கமாகத் தள்ளித் தோண்ட வேண்டும்.

"பங்குனி முடிஞ்சா கடப்பாரை, கப்பி எல்லாம் அடுத்த ஊருக்குப் போவணும்" என்றார் முனிரத்தினம். "அதுக்குள்ள தண்ணி வரலன்னா இந்த ஊருக்கு மறுபடி எப்போன்னு எனக்கே தெரியாது."

"மேடம் வந்தாத்தான் சொல்லுவாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அப்போது வெள்ளையன் கையைக் கூப்பிக்கொண்டு, "நீங்க பாத்து சொல்லுங்க சார்" என்றார்.

சார். பன்னிரண்டு வருஷ சர்வீசில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. "ஒரு ரெண்டு மணி நேரம் உட்காருங்க" என்றேன்.

ஓடு, கத்தி, காந்தம், சூரியன் ஒன்றையும் தொடவில்லை. அதெல்லாம் மேடத்தின் சின்னப்பிள்ளை விளையாட்டு, நமக்கு எதற்கு என்று நேராகச் சில்லை அறுத்து ஒட்டித் தேய்த்தேன். வழக்கமாகக் கல்லில் வெள்ளைப் பரல் இருந்தால் அது நிறம் மாறுவதைப் பார்த்துக் கனத்தைக் கணிப்போம். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே கறுப்பு. வெளிச்சம் போகவில்லை. இன்னும் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை. விரல் "போதும்" என்றது. பட்டுத்துணி என்று பேர் வாங்கினவன் போதும் என்று நிறுத்துவானா? இன்னும் நாலு சுற்று தேய்த்தேன். திடீரென்று பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தது.

மேடத்தின் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சாதாரண வெளிச்சத்தில் நிர்மலமாக, நிறமில்லாமல் இருந்தது. வெளிச்சத்தை வடிகட்டுகிற ரெண்டு தகடுகளையும் ஒன்றுக்கொன்று குறுக்கே போட்டேன். ஒரே இருட்டு. ஸ்லைடு உட்கார்ந்திருந்த தட்டை முழுச் சுற்று சுற்றினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டு. மற்றக் கல்லில் திருப்பத் திருப்ப ஏதாவது மின்னும், கண்ணாடி என்றால் இப்படித்தான் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எரிமலை இல்லாவிட்டால் என்ன, கண்ணாடி கண்ணாடிதான், இத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். ஆபீஸ் தாளை எடுத்து, "கண்ணாடி. மெல்லிய அடுக்கு. தொடர்ந்து தோண்டலாம்" என்று எழுதி, கீழே யாருக்கும் புரியாத மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வெள்ளையன் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேடம் திரும்பி வந்த அன்று, அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஸ்லைடைக் கொண்டுபோய் வைத்தேன். கதையைப் பெருமையாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நகர்த்தினார். திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"ஸ்லைடு ரொம்பச் சுத்தமா இருக்கு, தணிகாசலம்" என்றார். "கல்லு எங்க?"

எனக்குப் புரியவில்லை. ஓரத்தைக் காட்டினார். ஒரு மூலையில் மட்டும் ஈக்கால் அளவுக்குக் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிச் சில்லை முழுக்கத் தேய்த்துத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் விட்டிருந்தேன்.

"நீங்க பார்த்தது பிசினும் ஸ்லைடும்தான். ரெண்டும் இருட்டாத்தான் தெரியும். நீங்க பொய் சொல்லலை. கண்ணாடியைப் பார்த்துக் கண்ணாடின்னு எழுதியிருக்கீங்க."

திட்டியிருந்தால் தேவலை. வெள்ளையன் கொண்டுவந்த கல்லில் அறுத்தது போக மீதி இருந்த துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் ஓரத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். ஒரு துளி வெளிச்சம் கசியவில்லை. காந்தம் மெதுவாகச் சாய்ந்து வந்து அதில் ஒட்டியது. புதிதாக ஒரு சில்லைத் தேய்த்தேன், அவர் பக்கத்தில் நின்று "போதும்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்தினேன். மைக்ராஸ்கோப்பில் வெள்ளை ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நடுநடுவே கறுப்புப் புள்ளி. சுவர்க் கல். சுவரின் ஓரம் சீக்கிரம் ஆறிப்போனதால் நைசாகிக் கண்ணாடி மாதிரி மினுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

"இருபது நாளாச்சு மேடம். தோண்டிட்டிருப்பாங்க."

"மைக்ராஸ்கோப்பைப் பூட்டாம போனது என் தப்பு. அதை நான் எழுதிக்கறேன்" என்றார். "மலைக்கு நாளைக்குப் போறோம். சுவர் எந்தப் பக்கம் ஓடுதுன்னு நான் பார்க்கறேன். அவங்ககிட்டச் சொல்ல வேண்டியது நீங்க."

பஸ் விட்ட இடத்திலிருந்து ஜீப், ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஊருக்குள் போனபோது எல்லாம் மறந்துவிட்டது. ஏனென்றால் கிணற்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கடப்பாரை இறங்காததால் பழைய முறைப்படி கிணற்றுக்குள் விறகு அடுக்கி எரித்திருக்கிறார்கள். பாறை பழுக்கச் சூடானதும் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும், வெடித்ததைப் பெயர்க்கலாம். மெல்லிய அடுக்குதானே, தாண்டிவிடலாம் என்று இருபது நாளாக அதைச் செய்திருக்கிறார்கள். மொத்தம் மூன்றடி இறங்கியிருந்தது. கிணற்று மேட்டில் குடங்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

வெள்ளையன் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க சார். இன்னும் எவ்ளோ கீது சார் அந்தக் கண்ணாடி?"

மேடம் தள்ளி நின்றுகொண்டார். நான் சொன்னேன். கல்லைத் தேய்த்தே தீர்த்துவிட்டேன், வெறும் ஸ்லைடைப் பார்த்து எழுதினேன், இது கண்ணாடி இல்லை, இங்கே தண்ணீர் வராது என்று சொன்னேன். முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். "உன் தாளை நம்பித்தானேய்யா இருபது நாளு போச்சு!" என்று கத்தினார். அவர் கத்தினது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெள்ளையனின் மனைவி பொன்னி கத்தவில்லை. இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ நாங்க ஊத்துன தண்ணி?"

நான் குனிந்து அந்தக் குடத்தைப் பார்த்தேன்.

"இன்னா சார் நிக்கிறே? ஒரு கொடம் கொண்டார பள்ளத்துல எறங்கி ஏற ஒரு மணி நேரம் ஆவுது. புள்ளைக்கி ஊத்தாம, மாட்டுக்கு ஊத்தாம கல்லுக்கு ஊத்தினோம் சார். தண்ணி வரும்னு தண்ணிய ஊத்தினோம்."

நான் அழுதுவிட்டேன். மேடம் முன்னால், ஊர் முன்னால், முப்பத்துநாலு வயதில், மூக்கு ஒழுக அழுதேன். பொன்னி, "அயுது இன்னா ஆவப்போவுது, அந்த அம்மா இன்னா சொல்றாங்கன்னு கேளு" என்றாள்.

மேடம் சுத்தியலும் காந்தமுமாக, சாமை அறுத்த கொல்லையில் நடக்க ஆரம்பித்தார். அங்கங்கே தலைகாட்டிய கறுப்புக் குண்டுக் கற்களைத் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நடச் சொன்னார். சாயங்காலத்துக்குள் குச்சிகள் ஒரே கோட்டில் நின்றன. பூமிக்குள் இருந்த சுவர் எங்கள் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேட்டுப் பக்கம் இருபது தப்படி தள்ளி ஓர் இடத்தைக் காட்டினார். "தண்ணி வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எங்கயாவது நிக்கும்னா இங்கதான் நிக்கும்" என்றார்.

பங்குனி முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். கடப்பாரை பிடிக்கிறேன் என்றேன். அரை நாளில் கை கொப்பளித்துவிட்டது, பட்டுத்துணி விரல் அல்லவா. பொன்னி என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்துப் பள்ளத்தைக் காட்டினாள். வெட்டுகிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது என் வேலையாயிற்று. முதல் நாள் வரும் வழியில் வழுக்கி விழுந்து பாதிக் குடம் போயிற்று. "மீதியாச்சும் கொண்டாந்தியே, கல்ல மாதிரி முயுசா தீத்துடாம" என்றாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஒரு நாளைக்கு நாலு குடத்துக்கு மேல் என்னால் முடிந்ததில்லை. பொன்னி ஏழு.

பழைய குழிக்குக் கண்ணாடிக் கெணறு என்று பேர் வைத்துவிட்டார்கள். ஜவ்வாது மலையில் என் பேரைச் சொல்ல ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் இல்லையா, இருக்கிறது.

பங்குனி முடிய மூன்று நாள் இருந்தபோது இருபத்தாறாவது அடியில் மண் ஈரமாயிற்று. மறுநாள் காலையில் நான் பள்ளத்திலிருந்து ரெண்டாவது குடத்தோடு மூச்சு வாங்க ஏறி வந்தேன். கிணற்று மேட்டில் ஒரே கூச்சல். வெள்ளையன் இடுப்பளவு நனைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்னி ஒரு சொம்போடு என்னிடம் வந்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் வாயில் குறும்பு இருந்தது. என் தலையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொம்பை நீட்டினாள். ஊரே சுற்றி நின்றது.

"நல்லாப் பாத்து சொல்லு சார். இது தண்ணியா, கண்ணாடியா?"

சொம்பை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு வாய் குடித்தேன். "கொஞ்சம் கலங்கலா இருக்கு. சில்லுனு இருக்கு. அடியில மண்ணு தங்குது" என்றேன். "பேரு மட்டும் மேடத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"மேடம் வர வரைக்கும் தாங்காது. நானே சொல்றேன், எயுதிக்க சார்" என்றாள் பொன்னி. "தண்ணி."